மிட்டாய்ப் பூ ஒட்டினால், வெடித்தால், வியர்த்தால்: எதை முதலில் பார்ப்பது

தக்கலையில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். பிறந்தநாள், புதுநன்மை (பிள்ளைகள் முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள்), கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று வருடம் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். மிட்டாயைத் தேய்த்து இதழாக வெட்டி, ரோஜாவும் தாமரையும் பிச்சியும் செய்து கேக் மேல் வைப்பது பார்க்க அழகு, பிள்ளைகளுக்குத் தின்னவும் பிடிக்கும். செய்முறை எல்லாருக்கும் தெரியும். சொதப்பினால் என்ன செய்வது என்றுதான் போன் வரும், அதுவும் விழாவுக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்கு. திரும்பத் திரும்ப ஒரே ஏழெட்டுக் கேள்விதான். அதனால் குறையைத் தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில்.

பெயர்க் குழப்பம் வராமலிருக்க ஒரு வார்த்தை. ஜெல்லி மிட்டாய் என்றால் மேலே சீனி ஒட்டியிருப்பது. சவைக்கும் மிட்டாய் என்றால் பேப்பர் சுற்றி வந்து பல்லில் ஒட்டிக்கொள்வது. மூன்றாவது, நாமே பாகு காய்ச்சி இழுப்பது. திருவிழாவில் கம்பில் சுற்றிக்கொண்டு வந்து பிள்ளைகள் கையில் வாட்ச் கட்டிவிடுவாரே, அந்த ஜவ்வு மிட்டாய்க்கு இது உறவு.

எந்தக் குறையானாலும்: முதலில் உப்பு ஜாடி

மிட்டாயைக் குறை சொல்லும் முன் அடுப்பங்கரை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு உதிரியாக இருந்தால் நேரே உங்கள் குறைக்குப் போகலாம். கட்டி பிடித்திருந்தால் சவைக்கும் மிட்டாயில் மட்டும் பூ செய்யுங்கள். அடியில் நீர் விட்டிருந்தால் அன்றைக்குப் பூ வேலையே வேண்டாம், அல்லது ஏசி உள்ள அறைக்குப் போய்விடுங்கள்.

சுத்தமான உப்பு, காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீர் விடும். புத்தளம், சாமிதோப்பு அளத்துக் கல்லுப்பு அதற்கும் முன்னாலேயே கசியத் தொடங்கும். குளுக்கோஸ் கலந்த மிட்டாய்க்கு அவ்வளவு பொறுமைகூடக் கிடையாது. நமக்கோ ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை, இடையில் கடல்காற்று. எங்கேயோ வறண்ட ஊரில் எடுத்த வீடியோவில் நிற்கிற பூ உங்கள் மேசையில் நிற்கவில்லை என்றால், பத்தில் ஏழு தடவை கை தப்பு செய்யவில்லை, காற்றுதான் தப்பு. ஈரத்தை அளக்கும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. என் மேசையில் அது 65-ஐத் தாண்டினால் நான் ஜெல்லி மிட்டாய்ப் பாக்கெட்டைப் பிரிப்பதில்லை.

கட்டையிலும் கையிலும் ஒட்டிப் பிடிக்கிறது

*ஜெல்லி மிட்டாய் என்றால்:* சீனி போதவில்லை. பலகையில் சீனியைக் கனமாகத் தூவி, மிட்டாயை வைத்து, மேலேயும் தூவிய பிறகுதான் பூரிக்கட்டையை வைக்க வேண்டும். இரண்டு உருட்டுக்கு ஒரு தடவை புரட்டிப் போட்டு மறுபடி தூவுங்கள். பொடித்த சீனி வேண்டாம், ஈரத்தில் அது பசையாகிவிடும். குருணை நைசாக இருக்கிற சாதாரண சீனியே நல்லது. ஆனால் வெட்டின ஓரத்தில் சீனி படக்கூடாது. அந்தப் பிசுபிசுப்புதான் இதழோடு இதழைச் சேர்க்கிற பசை.

*சவைக்கும் மிட்டாய் என்றால்:* சீனி தூவாதீர்கள், நறநறவென்று ஆகிவிடும். பட்டர் பேப்பர் இரண்டுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். அப்போதும் ஒட்டினால் சோள மாவை மெல்லிய துணியில் கட்டி, லேசாகத் தட்டி எடுங்கள். மாவு அதிகமானால் இதழ் வெளுத்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கும்.

*கையில் மட்டும் ஒட்டுகிறதா?* சிலருக்குக் கை எப்போதும் சூடு. குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்து, ஈரம் சுத்தமாகப் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியில் ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெய். ஒரு பொட்டுதான், கூடினால் இதழ்கள் ஒன்றோடொன்று பிடிக்காது.

இவ்வளவும் செய்து ஒட்டினால் மின்விசிறியைப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து விசிறியை ஓடவிட்டால் வெளி ஈரத்தை நாமே உள்ளே கூப்பிடுகிறோம். ஜன்னலைச் சாத்தி அரை மணி நேரம் ஏசி போட்டால் சரியாகும். ஏசி இல்லையென்றால் அதிகாலையில் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், பெரும்பாலும் ஈரம் அதிகமாக நிற்பது அப்போதுதான். வெயில் ஏறிய பிறகு, பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் செய்யுங்கள்.

தேய்க்கும்போதே ஓரம் வெடிக்கிறது

முதல் காரணம், மிட்டாய் குளிர்ந்து கிடக்கிறது. உள்ளங்கையில் ஒரு நிமிடம் பொத்திப் பிடித்து உருட்டினாலே போதும். மைக்ரோவேவ் என்றால் 5 விநாடி, அதுவும் நாலைந்து மிட்டாயைச் சேர்த்து வைத்து. ஒற்றை மிட்டாயைப் பத்து விநாடி வைத்தால் குழம்பாகத்தான் எடுப்பீர்கள்.

சூடாக்கியும் வெடித்தால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெக்டின் (பழத்திலிருந்து எடுப்பது) போட்ட ஜெல்லி மெல்லியதாகத் தேயாது, பிட்டுப் பிட்டு வரும். அதைக் கத்தரித்து மொட்டுக்கும் நடு மகரந்தத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், இதழுக்கு ஆகாது. ஸ்டார்ச் போட்டதுதான் இதழுக்கு நல்லது.

தேதி பழசாகிக் காய்ந்த மிட்டாயை ஆவியில் காட்டி மீட்கலாம் என்று நானும் முயன்றிருக்கிறேன். மேலே பிசுக்கு, உள்ளே கல். புதுப் பாக்கெட் வாங்குவதே மிச்சம்.

தேய்த்த இதழ் திரும்பச் சுருங்கிக்கொள்கிறது

ஜெலட்டின். வேறு ஒன்றுமில்லை. கரடி பொம்மை வடிவில் வரும் மிட்டாய்கள் பெரும்பாலும் இந்த ரகம். ரப்பர் மாதிரி இழுத்தால் திரும்பிவிடும். கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள். சைவ வீட்டு ஆர்டர் என்றால் இது இன்னும் முக்கியம். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, அதனால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா, பழுப்பு முக்கோணம் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

சவைக்கும் மிட்டாய் சுருங்கினால் அது வேறு கதை, அவசரம்தான் காரணம். பாதி தேய்த்து, இரண்டு நிமிடம் விட்டு, மறுபடி தேய்த்தால் படிந்துவிடும்.

பூ தலையைத் தொங்கப்போடுகிறது

இதழின் தடிமனைப் பாருங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் இதழ் முழுக்க ஒரே மாதிரித் தேய்க்கிறார்கள். நிஜ ரோஜா இதழைப் பிய்த்துப் பாருங்கள்: அடி தடிப்பு, நுனி மட்டும்தான் நைசு. மிட்டாயிலும் அடிப்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம் இருக்கட்டும். மேல் ஓரத்தை மட்டும் விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி, பின்னால் விரல் வைத்தால் நிழல் தெரிகிற அளவுக்கு மெலிதாக்குங்கள். அந்த ஓரத்தைப் பல்குத்தும் குச்சியில் லேசாக வெளிப்பக்கம் சுருட்டிவிட்டால் ரோஜா ஆகிவிடும்.

தடிமன் சரி, ஆனாலும் தொங்குகிறதா? நடுவில் தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். மிட்டாயையே கூம்பாக உருட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அதன்மேல் இதழ்களை ஒட்ட வேண்டும். உருட்டின கையோடு, சூடு ஆறாத கூம்பில் ஐந்து இதழை ஏற்றினால் எல்லாம் சேர்ந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்தது, காயவைக்கும் விதம். தட்டையான தட்டில் வைத்தால் வெளி இதழ்கள் படுத்துவிடும். முட்டை அட்டையின் குழிகளில் பட்டர் பேப்பர் விரித்து, குழிக்கு ஒரு பூவாக வையுங்கள். தாமரைக்குப் பெரிய குழிக்கரண்டி நல்லது. ஒவ்வொரு இதழையும் ஒவ்வொரு கரண்டியில் வளைத்து வைத்து, மறுநாள் சேர்க்கலாம். தேரூர்க் குளத்துத் தாமரையைப் பார்த்தவர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள், அந்தக் குழிவு இல்லாவிட்டால் "இது என்ன, ஆம்பலா?" என்பார்கள்.

கம்பி குத்தி நிறுத்தலாமா என்று கேட்பார்கள். கைவினைக் கடையில் பச்சை நாடா சுற்றி வரும் கம்பி உணவுக்கு உரியதல்ல, நேரே கேக்கில் குத்தாதீர்கள். குத்தித்தான் ஆகவேண்டும் என்றால் கேக்கில் முதலில் ஒரு ஸ்ட்ரா, அதற்குள் கம்பி. அப்புறம் கம்பி எத்தனை என்று எண்ணி எழுதி, கேக் வெட்டுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

*வேறு ஆளிடம் கொடுக்க வேண்டிய இடம்:* ஆடி மாதம், கடலோர மண்டபம், மூன்று அடுக்குக் கேக், அடுக்குக்கு இருபது பூ. இதை மிட்டாயில் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கம் பேஸ்ட் (பொடித்த சீனியில் பிசையும் மாவு) பூ செய்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். அது ஓடு மாதிரிக் காய்ந்து நிற்கும், தின்ன அவ்வளவு ருசி இருக்காது. விலை கூடத்தான், ஆனால் ராத்திரி தூங்கலாம்.

கடைசி நேரத்தில் "தோவாளைப் பூச்சந்தையில் மலை மாதிரிப் பூ கிடக்கிறது, அதையே வைத்துவிடலாம்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். வைக்காதீர்கள். சந்தைப் பூ மாலைக்காக வளர்த்தது, மருந்து அடித்தது. அதிலும் அரளி விஷம். தோவாளைக்காரர்கள் கட்டும் மாணிக்கமாலையில் மடித்து வைத்தால் கண்ணை எடுக்க முடியாத அதே அரளிதான், கேக் கிரீமில் ஒரு இதழ்கூடப் படக்கூடாது.

கேக்கில் வைத்ததும் வியர்க்கிறது, சாயம் ஒழுகுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். நான் அதிகம் அழுததும் இதற்குத்தான்.

ஒரு மே மாதம், குளச்சல் பக்கம் புதுநன்மைக் கேக். வெள்ளை கிரீம், மேலே பதினொரு ரோஸ் நிறப் பூ. ராத்திரி முழுக்கப் பிரிட்ஜில் வைத்துக் காலையில் நேரே மேசைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். முதலில் இதழ் நுனியில் ஊசிமுனை அளவுக்கு முத்து முத்தாகத் தண்ணீர், குளிர்ந்த சோடா பாட்டிலில் வருமே, அப்படி. பிறகு மேலே இருந்த சீனிக் குருணைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இதழ் கண்ணாடி மாதிரி மினுங்கியது. அந்த முத்து மெதுவாக ரோஸ் நிறம் ஏறி, ஓரத்தில் கொஞ்ச நேரம் தொங்கி, வெள்ளைக் கிரீமில் விழுந்து கோடாக இறங்கியது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பிள்ளையின் பாட்டி கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மக்களே, பூ அழுவுதே" என்றார். கத்தியால் கோட்டைச் சுரண்டி, அந்த இடத்தில் பச்சை மிட்டாய் இலை வைத்து மறைத்தேன்.

இப்போது பார்க்க வேண்டிய வரிசை:

*பிரிட்ஜில் இருந்து எடுத்த பிறகு வியர்த்தால்* காரணம் குளிர்ச்சி. கேக் பிரிட்ஜில் இருக்கட்டும், பூ வெளியே காற்றுப் புகாத டப்பாவில் இருக்கட்டும். பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கேக்கின் மேல்பக்கம் வியர்த்து அடங்கிய பிறகு பூவை வையுங்கள். பூவோடு சேர்த்துத்தான் குளிரவைத்தாக வேண்டும் என்றால், அட்டைப் பெட்டியில் மூடி, மேலே கிளிங் பிலிம் இறுக்கச் சுற்றுங்கள். வெளியே எடுத்த பிறகு பெட்டியைத் திறக்காமல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடுங்கள். ஈரம் பெட்டிக்கு வெளியே படியும், பூவில் படியாது. எல்லாரும் இங்கேதான் தோற்பார்கள். பிள்ளைகள் "ஒரு தடவை காட்டுங்க" என்று வந்து நிற்கும், நாம் திறந்துவிடுவோம்.

*பிரிட்ஜுக்கே போகாத பூ வியர்த்தால்* கீழே இருக்கும் கிரீமைப் பாருங்கள். விப்பிங் கிரீமில் தண்ணீர் அதிகம், பூவின் அடி அதைக் குடிக்கும். வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, பூவின் அடியில் பிரஷால் ஒரு பூச்சு பூசி ஆறவிடுங்கள். நம் வெயிலுக்குக் காம்பவுண்ட் சாக்லேட்டே (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்புப் போட்டது) தாங்கும். பட்டர் கிரீம் என்றால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் மே மாதத்தில் பட்டர் கிரீமே உருகி நிற்கும், அது தனிப் பஞ்சாயத்து.

*டப்பாவுக்குள்ளேயே வியர்த்தால்* சூடு ஆறும் முன் மூடியிருக்கிறீர்கள், அல்லது டப்பாவில் ஈரம். கழுவின டப்பாவை வெயிலில் காயவைத்து, உள்ளே உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள். பை பிரியாமல் இருக்கட்டும், பூவைத் தொடாமல் மூலையில் இருக்கட்டும், பிள்ளைகள் கைக்குப் போகாமல் எண்ணி எடுத்துவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போடலாம்; ஓரளவு உதவும்.

*மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்:* மூடியிருக்கும் பிரிட்ஜுக்குள்ளேயே கேக் நனைந்தால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். பிடிமானம் இல்லாமல் சுலபமாக உருவி வந்தால் வெளிக்காற்று உள்ளே போகிறது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மடிப்பை நிமிர்த்தி மறுபடி பாருங்கள். அப்போதும் வந்தால் ரப்பரை மாற்ற ஆள் வேண்டும்.

நிறம் கறுக்கிறது, கசக்கிறது, கையில் பிடிக்கிறது

தண்ணீர் மாதிரி இருக்கும் நிறத்தை மிட்டாயில் பிசைந்தால் உடனே பசை. ஜெல் நிறம் என்றால் பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்த அளவு. இதழ் ஓரத்துக்கு மட்டும் வேண்டுமானால் பொடி நிறத்தைக் காய்ந்த பிரஷில் தொட்டுத் தடவுங்கள். அடர் சிவப்பு வேண்டும் என்று வெள்ளை மிட்டாயில் நிறத்தைக் கொட்டினால் கசப்புதான் மிஞ்சும். சிவப்பு மிட்டாயையே வாங்குங்கள்.

நிறம் பிசையும்போது விரல் இரண்டு நாளைக்குப் போகாமல் ரோஸாக நின்றால், அந்தப் பொடியைத் தூக்கி எறியுங்கள். பொட்டலத்தில் மடித்துத் தரும் பொடி வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது ரோடமின் பி என்கிற சாயத்தால்தான். அது துணிக்குப் போடுவது, வயிற்றுக்கு அல்ல. மூடின பாட்டில், உணவுப் பாதுகாப்பு உரிம எண், தேதி மூன்றும் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் காய்ச்சிய மிட்டாய் பதம் தப்புகிறது

*பரவி ஓடுகிறது:* பாகு முற்றவில்லை. குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், எடுத்த பிறகும் உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும். கணக்குக்கு 118 முதல் 120 டிகிரி செல்சியஸ். மழை நாளில் ஒன்றிரண்டு டிகிரி கூட விடுங்கள். ஓடினதைத் திரும்ப அடுப்பில் வைத்துக் காய்ச்சலாம்.

*கல்லாகிவிட்டது:* 130-ஐத் தாண்டிவிட்டீர்கள். கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சுங்கள். நிறம் பழுத்திருந்தால் பூவை மறந்துவிட்டுத் தேங்காய் போட்டு மிட்டாயாக்குங்கள், வீணாகாது.

*மணல் மாதிரி நறநறக்கிறது:* கொதிக்கும்போது கிண்டியிருக்கிறீர்கள், அல்லது பாத்திர ஓரத்தில் ஒட்டின சீனி உள்ளே விழுந்திருக்கிறது. ஈரப் பிரஷால் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே இருங்கள். சீனியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு லிக்விட் குளுக்கோஸ் சேர்த்தால் இது வராது. குளுக்கோஸ் இல்லாவிட்டால் ஆரம்பத்திலேயே எலுமிச்சைச் சாறு சில சொட்டு.

தெர்மாமீட்டர் சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகவில்லையா? கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊர்களில் அது 100 காட்ட வேண்டும். 96 காட்டினால், பாகில் அது காட்டுவதோடு நாலைக் கூட்டிப் படியுங்கள்.

பாகு கையில் தெறித்தால் பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளம் உள்ளங்கை அளவுக்கு வந்தாலோ, முகத்திலோ விரல் மடிப்பிலோ பட்டிருந்தாலோ ஆஸ்பத்திரிதான்.

எறும்பு

எந்த வீடியோவிலும் இதைச் சொல்லமாட்டார்கள். ராத்திரி காயவைத்த பூவைக் காலையில் பார்த்தால் மகரந்தம் நடந்துகொண்டிருக்கும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் முட்டை அட்டையை வையுங்கள். அட்டையின் ஓரம் சுவரையோ ஜன்னல் திரையையோ தொடக்கூடாது. எறும்புக்கு அந்தப் பாலம் போதும். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் பூ ஈரம் இழுக்காதா என்று கேட்டால், கொஞ்சம் இழுக்கும். அதனால் காய்ந்ததும் டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். மேசையில் எறும்பு மருந்துக் கோடு போடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

வண்டியில் போகும்போது உதிர்கிறது

பூவைத் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கேயே வையுங்கள். கேக்கைக் கார் சீட்டில் வைக்காதீர்கள், சீட் சரிவு. காலடியில் தட்டையாக, கீழே ரப்பர் விரிப்பு போட்டு வையுங்கள். ஏசி ஓடட்டும், ஆனால் காற்று நேரே பெட்டியில் அடிக்க வேண்டாம். கூடவே கொஞ்சம் உருக்கின வெள்ளைச் சாக்லேட், ஒரு பிரஷ், மாற்றுப் பூ மூன்று, இலை ஐந்தாறு எடுத்துப் போங்கள். பூவை வைத்து முடித்ததும், மிட்டாயால் செய்த பூ, சின்னப் பிள்ளைகளுக்கு முழுசாகக் கொடுக்காமல் நறுக்கிக் கொடுங்கள் என்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். பெட்டியில் எழுதி ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.